கையுறை அணியாத பேஸ்பால்: 1860 விதிகளின்படி இரண்டு ஆட்டங்கள், ஒரு பந்து

ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஒரு சிற்றூரில், கோடைக்காலச் சனிக்கிழமைகளில் ஒரு தன்னார்வக் கழகம் 1860-ஆம் ஆண்டின் விதிகளைப் பின்பற்றிப் பேஸ்பால் ஆடுகிறது. ஆட்டக்காரர் எவரும் கையுறை அணிவதில்லை. மட்டையாளருக்குப் பந்து வீசும் பிட்சர் தோளுக்கு மேலே கையைத் தூக்கி எறிவதில்லை. நடுவர் உயரமான கறுப்புத் தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்து, மட்டையாளருக்குச் சற்றுத் தள்ளி ஓரமாக நிற்கிறார். இந்த ஆண்டு ஜூனில் ஒரு முறையும் ஆகஸ்டில் ஒரு முறையும் குடும்பத்துடன் சென்று இரண்டு முழு ஆட்டங்களைப் பார்த்தேன். முதல் ஆட்டம் முடிந்த பிறகு, அக்காலப் பந்தின் மாதிரியில் கையால் தைத்த பந்து ஒன்றையும் ஒரு சிறு விற்பனையாளரிடம் வரவழைத்தேன். இம்மதிப்புரை அவ்விரண்டு ஆட்டங்களையும் அந்தப் பந்தையும் பற்றியது. கழகத்தினர் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆடுபவர்கள் என்பதாலும், சில குறைகளை நான் வெளிப்படையாகச் சொல்லவிருப்பதாலும், கழகத்தின் பெயரையும் விற்பனையாளரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

இத்தகைய ஆட்டம் அமெரிக்காவில் புதியதன்று. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள ஓல்டு பெத்பேஜ் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகமும், கொலம்பஸில் ஒஹாயோ வரலாற்றுச் சங்கத்தின் ஒஹாயோ வில்லேஜும் ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இதனைத் தொடங்கிவிட்டன. ஒஹாயோ வில்லேஜில் 1981-இல் உருவான அணிக்கு மஃபின்ஸ் என்று பெயர். அக்காலத்தில் பந்தைக் கைநழுவ விடும் கற்றுக்குட்டி ஆட்டக்காரரை மஃபின் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லையே அவர்கள் தங்கள் பெயராக விரும்பி ஏற்றார்கள். 1996-இல் இவ்வணிகளுக்கென்று ஒரு பொதுச் சங்கமும் அமைந்தது. இன்று மிச்சிகனின் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் 1867-ஆம் ஆண்டின் விதிகளில் ஆடுகிறார்கள். வேறு இடங்களில் 1880களின் விதிகளில் ஆடுவோரும் உண்டு. ஆயினும் மிகுதியான கழகங்கள் 1860-ஐயே தேர்ந்தெடுக்கின்றன. இரண்டு ஆட்டங்களைப் பார்த்த பிறகு அதன் காரணம் எனக்கு விளங்கியது. அந்த ஆண்டின் விதிகளில் ஒரு விதி ஆட்டத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது.

அடிக்கப்பட்ட பந்து தரையில் ஒருமுறை பட்டு எழும்பும்போது பிடித்தாலும் மட்டையாளர் அவுட் என்பதே அவ்விதி. சென்னையிலோ மதுரையிலோ தெருக்கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாம் 'ஒன் பிட்ச் கேட்ச்' என்று சொல்லி ஆடிய அதே ஏற்பாடுதான். நாம் அதனை இடம் போதாத சந்துக்கும் பக்கத்து வீட்டுச் சன்னலுக்கும் ஏற்ற சமரசமாக வைத்திருந்தோம். இங்கே அகன்ற புல்வெளியில், ஒன்பது பேர் கொண்ட முழு அணியுடன், பெரியவர்களின் முறையான போட்டியில் அது எழுதப்பட்ட சட்டமாக இருந்திருக்கிறது. கையுறை இல்லாத காலத்தில், உயரத்திலிருந்து விழும் கனமான பந்தை வெறுங்கையால் தாங்குவதைவிட, ஒரு துள்ளலில் அதன் வேகம் தணிந்த பின் பிடிப்பது கைக்கு நல்லது என்பது வெளிப்படை.

ஆனால் அவ்விதியை வெறும் சலுகையாகக் கருதிக்கொண்டுதான் நான் ஜூன் மாதத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கருத்து தவறு என்பது நான்காவது இன்னிங்ஸிலேயே தெரிந்துவிட்டது. பந்தை வானிலேயே பிடித்துவிட்டால், ஓடத் தொடங்கிய எதிரணியினர் தாங்கள் விட்டுவந்த பேஸுக்கே (ஒரு ரன் எடுக்க வரிசையாக ஓடிக் கடக்க வேண்டிய நான்கு நிலைகளுள் ஒன்று) திரும்ப வேண்டும். ஒரு துள்ளலுக்குப் பின் பிடித்தாலோ மட்டையாளர் மட்டும் அவுட். மற்றவர்கள் முன்னேறிக்கொண்டே போகலாம். ஆகவே மூன்றாவது பேஸில் எதிரணியினர் ஒருவர் காத்திருக்கும்போது, ஓங்கி வரும் பந்தை நோக்கும் தடுப்பாளர் ஒரு கணத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முன்னே பாய்ந்து விரல்களைப் பணயம் வைப்பதா, நின்று துள்ளலுக்குக் காத்திருந்து ஒரு ரன்னை விட்டுக்கொடுப்பதா? மேடும் பள்ளமுமான புல்தரையில் அத்துள்ளல் எந்தப் பக்கம் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகஸ்ட் ஆட்டத்தில் இடது புறத்தில் நின்ற ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவராகத் தோன்றினார். இப்படி வந்த பந்துக்காக முன்னே ஓடி, மார்போடு அணைத்து வானிலேயே பிடித்தார். ஓடத் தொடங்கியிருந்த எதிரணியினர் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்கள். அதற்கு எழுந்த கைதட்டல், அன்று அடிக்கப்பட்ட எந்த அடிக்கும் எழவில்லை.

இவ்விதி தானாக மறைந்துபோகவில்லை, விவாதித்தே நீக்கப்பட்டது. துள்ளிய பந்தைப் பிடிப்பது சிறுவர் விளையாட்டுக்கே உரியது, பெரியவர்களுக்குத் தகாது என்று நியூயார்க்கின் பழைய பேஸ்பால் கழகமான நிக்கர்பாக்கர் கழகத்தினரும் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக்கும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். 1864 டிசம்பரில், விதிகளை வகுத்துவந்த கழகங்களின் அன்றைய தேசியச் சங்கம் அவர்களுக்கு இணங்கியது. முதல், மூன்றாவது பேஸ்கள் வழியே செல்லும் பக்கக் கோடுகளுக்கு வெளியே விழும் ஃபவுல் பந்துக்கு மட்டும் இச்சலுகை 1880கள் வரை நீடித்தது. சாட்விக்கின் வாதம் வென்றதால்தான் இன்றைய பேஸ்பால் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் 1860-இன் ஆட்டத்தைக் கண்முன்னே பார்த்தவர், அதில் ஏதோ குறைபாடு இருந்தது என்று சொல்ல மாட்டார்.

பந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1860 விதிகளின்படி பந்தின் எடை ஐந்தே முக்கால் அவுன்ஸ் முதல் ஆறு அவுன்ஸ் வரை, சுற்றளவு ஒன்பதே முக்கால் அங்குலம் முதல் பத்து அங்குலம் வரை இருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 163 முதல் 170 கிராம், 25 சென்டிமீட்டர். இன்றைய பேஸ்பால் பந்து 150 கிராமைத் தொடுவதில்லை. நாம் அறிந்த கிரிக்கெட் பந்தே 156 முதல் 163 கிராம்தான். ஆக அவர்கள் வெறுங்கையால் பிடித்தது கிரிக்கெட் பந்தைவிடக் கனமானது, பெரியது. ஆயினும் அது கிரிக்கெட் பந்தைப் போல் இறுகியதன்று. நடுவில் ரப்பர்த் துண்டுகள், அதன்மேல் கம்பளி நூல் சுற்று, அதற்குமேல் ஒரே துண்டாக வெட்டிய தோல். அத்தோலை நான்கு இதழ் கொண்ட பூவைப் போல் வெட்டி, இதழ்களை மேலே மடித்து, விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கிறார்கள். உரித்த எலுமிச்சைத் தோலை மீண்டும் மூடியது போன்று இருப்பதால் அதற்கு எலுமிச்சைத்தோல் பந்து என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்றைய பந்தில் உள்ள, 8 என்னும் எண்ணின் வடிவத் துண்டுகள் இரண்டும் அவற்றின் சிவப்புத் தையலும் இதில் இல்லை. தையல் பெருக்கல் குறிபோல் ஓடுகிறது.

நான் வாங்கிய பந்தைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 168 கிராம் காட்டியது. நூலால் அளந்தபோது சுற்றளவு 25 சென்டிமீட்டருக்கு மயிரிழை அளவே கூடுதலாக இருந்தது. விதியின் வரம்புக்குள் அமைந்த இந்தத் துல்லியம் என்னை உண்மையாகவே மகிழ்வித்தது. நினைவுப்பொருளாக விற்கப்படும் பல பந்துகள் இவ்வளவு கவனத்துடன் செய்யப்படுவதில்லை. புதிதாக வந்தபோது தோல் விறைப்பாக, கையில் வழுக்கிற்று. பின்கட்டில் என் மகளும் நானும் இரண்டு மாலைகள் ஆடிய பிறகு, தோல் இளகிக் கைக்கு இணங்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் நிறம் தேன் நிறத்திலிருந்து பழுப்புக்கு மாறியது. மூன்றாவது வாரத்தில் இதழ்கள் சேரும் முனை ஒன்றில் தையல் நூல் தளர்ந்துவிட்டதே குறை. விற்பனையாளருக்கு எழுதியபோது, மெழுகு பூசிய நூலால் அதனை எப்படி இறுக்கித் தைப்பது என்று பொறுமையாக விளக்கி எழுதினார். ஆனால் சாதாரணப் பந்தின் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கிய பொருளை மூன்றே வாரங்களில் நானே தைக்க வேண்டியிருந்தது சரியன்று. அலமாரியில் வைக்க வாங்குபவருக்கு இது பொருட்டில்லை. ஆடுவதற்கு வாங்குபவர் தையல் ஊசியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

தைத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் டேனியல் ஆடம்ஸ் நினைவுக்கு வந்தார். 1840களில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கழகத்தில் ஆடிய மருத்துவர் அவர். பந்து செய்து கொடுக்க ஆள் கிடைக்காததால் பல ஆண்டுகள் தாமே பந்துகளைச் செய்தார். ரப்பர்த் துண்டுகளின் மேல் நூலைச் சுற்றித் தோலால் மூடினார். பின்னர் ஸ்காட்லாந்துக்காரரான சேணம் தைப்பவர் ஒருவர் அவருக்குக் குதிரைத்தோலால் மூடும் முறையைக் காட்டினார். அப்பந்து எடை குறைவாக இருந்ததால் புறக்களத்திலிருந்து நேராக எறிந்தால் வந்து சேரவில்லை. அதனை இடையில் வாங்கி உள்ளே எறிவதற்காக ஆடம்ஸ் நின்ற இடமே பிற்காலத்தில் ஷார்ட்ஸ்டாப் என்னும் தடுப்பாளர் நிலை ஆயிற்று. 1857-இல் கழகங்கள் கூடி ஒன்பது இன்னிங்ஸ், பேஸ்களுக்கு இடையே முப்பது கெஜம் என்று முடிவு செய்த மாநாட்டின் தலைவரும் அவரே. அதற்காக அவர் எழுதிய விதிகளின் கையெழுத்துப்படி 2016-இல் முப்பது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. ஆட்ட இடைவேளையில் கழகத்தின் அறிவிப்பாளர் கூப்பர்ஸ்டவுன், ஆப்னர் டபுள்டே என்னும் பழைய கற்பனைக் கதையைச் சொல்லாமல் ஆடம்ஸைப் பற்றியே பேசினார். இதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன். டபுள்டே 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்பது 1900களின் தொடக்கத்தில் ஒரு குழு முடிவுகட்டிப் பரப்பிய செய்தி. அந்த ஆண்டில் அவர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். ஆயினும் இன்றும் பல இடங்களில் அது வரலாறாகச் சொல்லப்படுகிறது.

பிட்சரின் வேலை இவ்வாட்டத்தில் அடக்கமானது. அவர் மட்டையாளரிடமிருந்து பதினைந்து கெஜத் தொலைவில், அதாவது இன்றைய தொலைவைவிடப் பதினைந்தடிக்கு மேல் குறைவான தொலைவில், தரையில் வரைந்த கோட்டின் பின்னே நின்று, கையைத் தொங்கவிட்டு இடுப்புக்குக் கீழே ஊசலாட்டி விட வேண்டும். எறியவோ வெட்டி இழுக்கவோ கூடாது. மட்டையாளரை ஏமாற்றுவது அன்று அவர் கடமையாகக் கருதப்படவில்லை. அடிக்கத்தக்க பந்தைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவர் அவர். இந்நிலை மாறுவதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் புரூக்ளின் எக்ஸெல்சியர் கழகத்தின் ஜிம் கிரைட்டன். மணிக்கட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் சுழற்றி வேகம் கூட்டினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1862 அக்டோபரில், இருபத்தொரு வயதில், உள்ளுறுப்புக் காயத்தால் இறந்துபோனார். புரூக்ளினின் கிரீன்வுட் கல்லறையில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. நான் பார்த்த கழகத்தின் பிட்சர்கள் கிரைட்டனுக்கு முந்தைய பண்பையே கடைப்பிடிக்கிறார்கள். பந்து மெதுவாக வருகிறது. ஏறக்குறைய எல்லோரும் அடிக்கிறார்கள். ஆகவே ஒன்பது தடுப்பாளர்களுக்கும் இடைவிடாத வேலை இருக்கிறது. இன்றைய தொழில்முறை ஆட்டத்தில் பிட்சரும், மட்டையாளருக்குப் பின்னே நிற்கும் கேட்சரும் மட்டுமே ஆடிக்கொண்டிருக்கப் பிறர் நின்று பார்க்கும் நீண்ட பொழுதுகள் இதில் இல்லை. ஜூன் மாத ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டன.

மட்டையாளர் நல்ல பந்தை வேண்டுமென்றே அடிக்காமல் காலம் கடத்தினால் நடுவர் முதலில் எச்சரிப்பார்; அதன் பிறகே ஸ்ட்ரைக், அதாவது அடிக்கத் தவறியதாகக் கணக்கு, என்று அறிவிப்பார். 1858-இல் நுழைந்த இவ்விதியைக் கழகம் நுட்பமாகக் கையாள்கிறது. நடுவர் குரலை உயர்த்தாமல், மட்டையாளரை மரியாதையுடன் விளித்து எச்சரித்தபோது, அருகே உட்கார்ந்திருந்த சிறுவர்கள்கூட அமைதியானார்கள். வட்டமான வெள்ளை இரும்புத் தட்டே ஹோம் பேஸ். மற்றவை மணல் நிரப்பிய கித்தான் பைகள். பந்து முதலில் எங்கே தரையைத் தொடுகிறது என்பதை வைத்தே அது செல்லுமா செல்லாதா என்று தீர்மானிக்கப்படுகிறது; அதன்பின் கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் உருண்டாலும் ஆட்டம் தொடரும். இதனைப் பயன்படுத்தி ஒரு மட்டையாளர் பந்தைத் தம் காலடிக்கு முன்னே தரையில் அழுத்தி அடித்து, அது சுழன்று கூட்டத்துக்குள் ஓடும்படி செய்தார். விதி தெரியாத பார்வையாளர்கள் ஃபவுல் என்று கத்தினார்கள். அதற்குள் அவர் இரண்டாவது பேஸை எட்டியிருந்தார். இத்தகைய இடங்களில் அறிவிப்பாளர் உடனடியாக ஒரு வரி விளக்கம் தந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத ஆட்டம் என்னும் கொள்கை எனக்குப் பிடித்ததே. ஆனால் முதன்முறை வருபவருக்கு ஒற்றைத் தாளில் அச்சிட்ட பத்து விதிகளையாவது கையில் கொடுக்கலாம். ஜூனில் என் பின்னே அமர்ந்திருந்த ஒரு குடும்பம், என்ன நடக்கிறது என்றே புரியாமல் மூன்றாவது இன்னிங்ஸில் எழுந்துபோய்விட்டது.

உடைகளைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. நிக்கர்பாக்கர் கழகம் 1849-இல் ஏற்ற முதல் சீருடை நீலக் கம்பளிக் காற்சட்டை, வெள்ளை ஃபிளானல் சட்டை, வைக்கோல் தொப்பி. அதன் பிறகு தீயணைப்பு வீரர்களின் சட்டையைப் போல் மார்பின் குறுக்கே பொத்தான் வைத்த தனித் துணி மடல், அதன் நடுவே கழகத்தின் முதலெழுத்து என்னும் வடிவம் பரவியது. இக்கழகத்தின் வீட்டு அணி அந்த மடல் சட்டையை மிக அழகாகத் தைத்து அணிந்திருக்கிறது; பொத்தான்கள்கூட எலும்பு போன்ற மங்கிய நிறத்தவை. ஆனால் துணி பருத்தி. ஆகஸ்ட் வெயிலில் கம்பளி அணிந்து ஆடச் சொல்லும் உரிமை எனக்கில்லை. இருப்பினும் ஒருவராவது, ஓர் இன்னிங்ஸாவது, அசல் ஃபிளானலில் ஆடிக் காட்டினால் அக்கால ஆட்டக்காரர்களின் வியர்வையும் பார்வையாளருக்குத் தெரியும். வருகை அணியில் நான்கு பேர் முழங்காலோடு நிற்கும் காற்சட்டையும் நீண்ட காலுறையும் அணிந்திருந்தது அதைவிடப் பெரிய பிழை. அவ்வுடை இதே ஒஹாயோவின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் 1860களின் இறுதியில் பிரபலப்படுத்தியது. வெளிப்படையாக எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து 1869-இல் ஆடிய முதல் அணி அது. சம்பளம் வாங்காத கழகங்களின் காலமான 1860-க்குள் அந்தச் சிவப்புக் காலுறை வரக்கூடாது. விதியில் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பவர்கள் காலுறையிலும் பார்க்கலாம்.

ஆட்டத்தின் ஒழுக்கமே அன்றைய மாலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது. நடுவருக்குப் பார்வை எட்டாத ஓரிடத்தில், தடுப்பாளர் கையிலிருந்த பந்து ஓடுபவரின் உடலைத் தொட்டு அவரை அவுட் ஆக்கியதா என்ற கேள்வி எழுந்தபோது, ஓடியவரே கையை உயர்த்தித் தாம் அவுட் என்று ஒப்புக்கொண்டு வெளியேறினார். ஆட்ட முடிவில் தோற்ற அணித் தலைவர் வென்ற அணிக்கு மூன்று முறை வாழ்த்தொலி எழுப்பச் செய்தார். வென்றவர்களும் பதிலுக்கு எழுப்பினார்கள். அன்று ஆடிய பந்தே பரிசு. அதை வென்ற கழகம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் அக்கால விதி. ஆட்டக்காரரோ நடுவரோ புள்ளி எழுதுபவரோ அந்த ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டக்கூடாது என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. இப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்றாலே, அக்கால மைதானங்களில் பந்தயப் பணம் புழங்கியது என்பதுதான் பொருள். கழகம் காட்டும் ஒழுக்கம் அன்றைய மனிதர்களின் இலட்சியம். அவர்களுடைய நடைமுறை முழுவதும் அதுவன்று. நிக்கர்பாக்கர் கழகத்தின் ஆட்டப் புத்தகத்தில், தகாத சொல் பேசியதற்காக ஆறு சென்ட் அபராதம் விதித்த பதிவும் உண்டு. கழகத்தினர் இதனைச் சிறுவர்களுக்குச் சொன்னார்கள், நன்று.

ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. என்னுடைய முதன்மையான மனக்குறை அதுவே. இடைவேளை உரையில் 1860களின் பேஸ்பால் எல்லா அமெரிக்கரையும் ஒன்றிணைத்த ஆட்டம் என்று சொல்லப்பட்டது. அப்படி இருக்கவில்லை. 1859 நவம்பரிலேயே, உள்நாட்டுப் போருக்கு முன்பே, ஹென்சன் கழகமும் வீக்ஸ்வில்லின் அன்நோன்ஸ் கழகமும் நியூயார்க் வட்டாரத்தில் போட்டி ஆடியிருக்கின்றன. இரண்டும் கறுப்பினத்தவரின் கழகங்கள். அவர்கள் ஆடியதும் இதே துள்ளல் விதியில்தான், இதே வெறுங்கையால்தான். ஃபிலடெல்ஃபியாவின் பித்தியன் கழகத்தை நடத்தியவர்களில் ஒருவரான ஆக்டேவியஸ் கேட்டோ ஓர் ஆசிரியர், வாக்குரிமைக்காகப் போராடியவர். 1867 அக்டோபரில் அக்கழகம் மாநிலச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, வாக்கெடுப்பில் தோற்பது உறுதி என்று தெரிந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் சங்கம், கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்ற எந்தக் கழகத்தையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. துள்ளிய பந்தைப் பிடிப்பது தகுமா என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்து விதி செய்த அதே சங்கம் அது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1869 செப்டம்பரில், பித்தியன்கள் வெள்ளையரின் ஒலிம்பிக் கழகத்தோடு ஃபிலடெல்ஃபியாவில் ஆடிவிட்டார்கள். 1871 அக்டோபர் 10 அன்று, தேர்தல் நாளில், கேட்டோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2017-இல் ஃபிலடெல்ஃபியா நகர மன்றத்தின் வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

இதனைச் சொன்னால் ஒரு கோடை மாலையின் மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று கழகத்தினர் கருதியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொத்தானின் நிறம்வரை தேடி உண்மையைக் கொண்டுவருபவர்களிடம்தான் இந்த உண்மையையும் கேட்க முடியும். மைதானத்தின் வாயிலில் நிக்கர்பாக்கர் கழகத்துக்கு ஒரு விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் பித்தியன்களுக்கு இன்னொன்று வைக்க அதிகச் செலவாகாது. பெண்களும் இல்லாத காலமல்ல அது. 1866-இல் வாஸர் கல்லூரி மாணவியர் இரண்டு பேஸ்பால் கழகங்கள் வைத்திருந்தார்கள். ஆகஸ்டில் என் மகள், பெண்கள் ஏன் வேடிக்கை பார்ப்பவர்களாக மட்டும் நீண்ட பாவாடையில் நிற்கிறார்கள் என்று ஒரு தன்னார்வலரிடம் கேட்டாள். அவர் கனிவாகப் பேசினார். ஆனால் வாஸரைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை. நன்கொடைப் பெட்டி உண்டு. இருக்கைகள் இல்லாததால் விரிப்போ மடக்கு நாற்காலியோ கொண்டுபோக வேண்டும். நிழல் மூன்றாவது பேஸ் பக்கத்து மேப்பிள் மரங்களின் அடியில் மட்டுமே கிடைக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது. எலுமிச்சைச் சாறும் வேர்க்கடலையும் விற்கிறார்கள். சைவ உணவு வேண்டுவோர் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லட்டும். ஆட்டம் முடிந்ததும் சிறுவரையும் பெரியவரையும் களத்துக்குள் அழைத்து மட்டை பிடிக்கவும் பந்து பிடிக்கவும் விடுகிறார்கள். நானும் போய் நின்றேன். உயரமாக வந்த முதல் பந்தைக் கிரிக்கெட் பழக்கத்தில் வானிலேயே பிடித்தேன். பிடித்த பிறகு உள்ளங்கை இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. அடுத்த பந்துக்குத் துள்ளலுக்காகக் காத்திருந்தேன். அது கல்லில் பட்டு என் தோளைத் தாண்டிப் போய்விட்டது. அந்த இரண்டு பந்துகளுக்காக மட்டுமே இன்னொரு முறை இரண்டு மணி நேரம் காரோட்டிப் போகத் தயாராக இருக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். எல்லைக்கயிறு இல்லாததால் பந்து உங்கள் விரிப்பு வரை உருண்டு வரும். அதனைத் தொடாமல் விட்டுவிடுவதே முறை. ஆட்டத்தில் இல்லாத ஒருவர் பந்தை எடுத்துத் தடுப்பாளரிடம் கொடுத்துவிட்டால், அது முதலில் பிட்சரின் கையில் போய்ச் சேரும் வரை எவரையும் அவுட் ஆக்க முடியாது என்று 1860 விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஆகஸ்டில் ஒரு சிறுவன் நல்லெண்ணத்தோடு பந்தை எடுத்து அருகே ஓடிவந்த தடுப்பாளரிடம் நீட்டினான். நடுவர் கைத்தடியை உயர்த்தி அந்த விதியைக் கணீரென்று சொன்னார். பந்து கை மாறிக் கை மாறிப் பிட்சரைச் சென்றடைவதற்குள் ஓடியவர் இரும்புத் தட்டை மிதித்து ஒரு ரன் எடுத்துவிட்டார்.